முழங்கால் சில்லு உடைந்தால் என்ன செய்வது, உடையாமல் எப்படிக் காப்பது: முழுமையான வழிகாட்டி

முழங்கால் குத்தி விழுந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: மல்லாந்து படுத்த நிலையில், முட்டியை மடக்காமல், காலை ஒரு சாண் உயரம் தூக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அதை வெறும் அடிபட்ட வீக்கம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். தைலம் தேய்த்து, துணி சுற்றி, இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் பலருக்கு நல்ல நேரம் வீணாகிறது. முழங்கால் சில்லு உடைந்தால் துண்டுகள் உடைந்த இடத்திலேயே சும்மா கிடப்பதில்லை. தொடைத் தசை மேல் துண்டை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் முதலுதவி, அறுவை சிகிச்சை, பயிற்சி, தடுப்பு எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

அந்தச் சில்லு அங்கே எதற்கு?

காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு முட்டியின் முன்பக்கத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். இப்படியும் அப்படியும் அசைகிற அந்த முக்கோண எலும்புதான் சில்லு. மருத்துவர்கள் பட்டெல்லா என்பார்கள். தசைநாணுக்குள் பொதிந்திருக்கும் எலும்புகளில் உடம்பிலேயே பெரியது இதுதான். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசையின் நாண் இதன் மேல் விளிம்பைப் பிடித்திருக்கிறது. கீழ் முனையிலிருந்து இன்னொரு கெட்டியான நாண் இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் போய்ச் சேர்கிறது. தொடைத் தசை சுருங்கினால் இந்தத் தொடர் முழுவதும் இழுபட்டுக் கால் நிமிரும். கிணற்றில் கப்பி இல்லாமல் கயிறு மட்டும் இருந்தால் வாளியைத் தூக்க எவ்வளவு பாடு? அந்தக் கப்பியின் வேலையைத்தான் சில்லு செய்கிறது. நாணை மூட்டிலிருந்து சற்று முன்னே தள்ளிப் பிடித்து, தசையின் பலம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது.

இதன் பின்பக்கம் தொடை எலும்போடு உரசும் இடம். உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு அங்கேதான் இருக்கிறது, சில இடங்களில் 5 மில்லிமீட்டர் வரை. காரணம் இல்லாமல் இல்லை. படி ஏறும்போது உடல் எடையைப் போல் சுமார் 3 மடங்கு சுமையும், முழுக்கக் குத்தவைத்து உட்காரும்போது 7 மடங்கு வரையும் அந்தப் பரப்பில் விழுகிறது. உடைந்த சில்லு கொஞ்சம் மேடு பள்ளமாகச் சேர்ந்தாலும் பின்னாளில் மூட்டு தேய்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். சில்லின் இரு பக்கமும் நார்ப் பட்டைகள் ஓடுகின்றன. சில்லு உடைந்திருந்தும் அந்தப் பட்டைகள் அறுபடாமல் இருந்தால், வலியோடு காலைத் தூக்கிவிட முடியும். ஆகவே தூக்க முடியவில்லை என்றால் பெரிய சேதம் என்று எடுத்துக்கொள்ளலாம். தூக்க முடிந்தது என்பதற்காக உடையவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எப்படி உடைகிறது

ஒன்று, நேரடியான அடி. பைக்கிலிருந்து முட்டி குத்தி விழுவது, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தார்ச்சாலையில் மண்டியிட்டு விழுவது, காரில் முன்னிருக்கையில் இருப்பவரின் முட்டி டேஷ்போர்டில் மோதுவது. சில்லுக்கு மேல் தோலைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. சதை மெத்தை கிடையாது. அடி அப்படியே எலும்பில் இறங்கும். இந்த வகையில் சில்லு பல துண்டுகளாக நொறுங்குவது அதிகம்.

இன்னொன்று பலரும் நம்பத் தயங்குவது. எதிலும் மோதாமலே சில்லு உடையும். 1992 பிப்ரவரியில் நியூசிலாந்தின் வெலிங்டனில் நடந்த கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் டேவிட் லாரன்ஸ் பந்து வீச ஓடிவந்து முன்காலை ஊன்றினார். அந்தக் கணத்தில் இடது முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்தது. யாரும் இடிக்கவில்லை, பந்தும் படவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். திரும்ப ஆடப் பயிற்சி செய்தபோது அதே சில்லு மறுபடி உடைந்தது. சில ஆண்டுகள் கழித்து கவுன்டி கிரிக்கெட்டுக்குத் திரும்பினாரே தவிர, டெஸ்ட் ஆட்டம் அதோடு முடிந்துபோனது.

மைதானத்தில் அவருக்கு நடந்தது, வீட்டுப் படிக்கட்டில் நமக்கும் நடக்கலாம். இருட்டில் இறங்கும்போது படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைக்கிறோம், இன்னொரு படி இருக்கிறது. உடம்பு முன்னால் சாய, முட்டி மடங்க, விழாமல் தடுக்கத் தொடைத் தசை முழு பலத்தோடு சுருங்குகிறது. ஒரு பக்கம் மடங்கும் மூட்டு, மறுபக்கம் இழுக்கும் தசை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சில்லு குறுக்காக உடைந்து, மேல் துண்டு மேலே போய்விடும். "விழுவதற்கு முன்னாலேயே படக்கென்று சத்தம் கேட்டது" என்று சிலர் சொல்வதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அது உபயோகமான தகவல்.

மொத்த எலும்பு முறிவுகளில் இது சுமார் 1 சதவீதம்தான். 20 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்களிடம்தான் கூடுதல், அதிலும் ஆண்கள் பெண்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு வேறு ஒரு வகை வரும். சில்லின் கீழ் முனையில் குருத்தெலும்பு உறைபோல உரிந்து வந்துவிடும். எக்ஸ்ரேயில் ஒரு சின்னச் செதில் மட்டுமே தெரிவதால் எளிதில் தவறிவிடும். குதித்தபின் முட்டி வீங்கி, காலை நீட்ட முடியாமல் அழும் பிள்ளையை "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். எலும்பு மருத்துவர் பார்க்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

அடிபட்டவரை எழுந்து நிற்க வைக்காதீர்கள். "நடந்து பாரு, சரியாயிடும்" என்று தோள் கொடுத்து நடக்க வைப்பதுதான் நம்மூரில் எல்லோரும் முதலில் செய்வது. நடக்க முயலும்போது தொடைத் தசை இழுக்கும், விரிசல் இடைவெளியாகும். உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து, கால் எந்த நிலையில் வலி குறைவாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே தாங்கல் கொடுங்கள். நீட்ட முடிந்தால் நல்லது, கட்டாயப்படுத்தி நிமிர்த்த வேண்டாம். ஒரு தலையணையையோ கனமான அட்டையையோ காலுக்கு அடியில் தொடை நடுவிலிருந்து கணுக்கால் வரை வைத்து, முட்டிக்கு மேலும் கீழும் துண்டால் கட்டினால் போதும். சரியாக முட்டி இருக்கும் இடத்தில் கட்டாதீர்கள்.

ஐஸ் வைக்கலாம், துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம். நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். தேய்ப்பது, நீவுவது, சுளுக்கு எடுப்பது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் கூடாது. உள்ளே ரத்தம் கசிந்து மூட்டு நிறைந்துகொண்டிருக்கும் நேரம் அது. சூடு கசிவைக் கூட்டும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்தால் விஷயமே வேறு. சில்லு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், சின்னக் காயமாகத் தெரிவதுகூட மூட்டுக்குள் வரை போயிருக்கலாம். சுத்தமான துணியால் மூடி, மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் போடாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டு, மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். வழியில் காபியோ டிபனோ வாங்கிக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வரவேற்பிலேயே கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில்

எக்ஸ்ரே முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று கட்டாயம். குறுக்கு முறிவு பக்கவாட்டுப் படத்தில்தான் பளிச்சென்று தெரியும். நீளவாக்கில் உடைந்திருந்தால் முட்டியை மடக்கி மேலிருந்து கீழாக எடுக்கும் படம் தேவைப்படும். நொறுங்கியிருந்தால் சிடி ஸ்கேன். சுமார் 2 சதவீதம் பேருக்குச் சிறுவயதிலிருந்தே சில்லின் மேல் வெளி மூலையில் ஒரு துண்டு ஒட்டாமல் தனியாக இருக்கும். அது முறிவு இல்லை. விளிம்பு வழவழப்பாக இருக்கும், பலருக்கு மற்ற முட்டியிலும் அதே போல இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு முட்டிக்கும் படம் எடுத்து ஒப்பிடுவார்கள்.

டேஷ்போர்டில் முட்டி மோதியவர்களுக்கு இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அடி தொடை எலும்பு வழியாக மேலே ஏறி இடுப்பை நழுவச் செய்திருக்கலாம். முட்டி வலியின் கூச்சலில் அது மறைந்துவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? மூட்டுப் பரப்பில் மேடு பள்ளம் எவ்வளவு? பொதுவாக இடைவெளி 2, 3 மில்லிமீட்டருக்குள்ளும், மேடு பள்ளம் 2 மில்லிமீட்டருக்குள்ளும் இருந்து, காலையும் நீட்டித் தூக்க முடிந்தால் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. கால் நீட்டிய நிலையில் மாவுக்கட்டோ பிரேஸோ (காலை மடங்காமல் பிடிக்கும் பட்டை) 4 முதல் 6 வாரம். பலருக்குக் காலை மடக்காமல் ஊன்றி நடக்கவே அனுமதி கிடைக்கும்.

நாட்டுக் கட்டு போடலாமா?

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எலும்பு முறிவு என்றதும் எண்ணெய்க் கட்டுக்கு வண்டி பிடிக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் நிறைய. விலகாத முறிவு எந்தக் கட்டிலும் சேரும், ஏனென்றால் அது தானாகவே சேரக்கூடியது. விலகிய சில்லு அப்படி இல்லை. மேல் துண்டைத் தொடைத் தசை இழுத்துப் பிடித்திருக்கும்போது வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது கீழே வராது. இறுக்கம் கூடினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகும் ஆபத்துதான் மிச்சம். சில மாதம் கழித்து வரும்போது தசை சுருங்கி, நாண் குட்டையாகி, முதல் வாரத்தில் எளிதாக முடிந்திருக்கும் ஆபரேஷன் மிகக் கடினமாகிவிடும். நம்பிக்கையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் படி ஏறத் தடுமாறும் நிலை யாருக்கும் வர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கே போவதாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்து, விலகியிருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அறுவை சிகிச்சையில் என்ன நடக்கிறது

19ஆம் நூற்றாண்டில் முழங்காலைத் திறப்பது என்றால் சீழ் பிடித்துக் காலையோ உயிரையோ இழப்பது. உடைந்த சில்லோடு நொண்டி நடப்பதே மேல் என்று விட்டுவிடுவார்கள். 1877இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையில் முட்டியைத் திறந்து, சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டிக் காட்டினார். இன்றைக்குச் செய்வதும் கம்பிக் கட்டுதான், ஆனால் அதில் ஒரு அழகான யுக்தி சேர்ந்திருக்கிறது. இரண்டு நேர்க்கம்பிகள் துண்டுகளைக் கோக்கும். அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் ஒரு கம்பி சில்லின் முன்பக்கமாக ஓடும். முட்டி மடங்கும்போது துண்டுகளைப் பிரிக்கப் பார்க்கிற அதே இழுப்பை அந்த முன்பக்கக் கம்பி தாங்கிக்கொள்வதால், பின்பக்கம் துண்டுகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. அதனால்தான் ஆபரேஷன் முடிந்து அதிக நாள் போகாமலே மருத்துவர் முட்டியை மடக்கச் சொல்கிறார். சிலருக்குக் கம்பிக்குப் பதில் துளையுள்ள ஸ்குரூ, நொறுங்கியவர்களுக்கு பிளேட். சில்லை முழுதாக எடுத்துவிடுவது இப்போது மிக அரிது, எடுத்தால் காலை நிமிர்த்தும் பலம் நிரந்தரமாகக் குறையும்.

தோலுக்கு அருகிலேயே கம்பி இருப்பதால் பின்னாளில் குத்துவது, மண்டியிட்டால் உறுத்துவது சகஜம். எலும்பு சேர்ந்தபின் கம்பியை எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் நாளிலிருந்தே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள், கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க. கெண்டை திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்புறம், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து தொடையை இறுக்கும் பயிற்சி. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடவும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சி மாதிரி இருக்கும். இதை விட்டவர்களின் தொடை சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும்.

முட்டியை மடக்குவதற்கு மருத்துவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அளவு சொல்வார். பலருக்கு ஆறாவது வாரத்தை ஒட்டி 90 பாகை இலக்காக இருக்கும். அதற்கு முன்னால் ஆர்வத்தில் மடக்குவதும் தவறு, வலிக்குப் பயந்து பிரேஸைக் கழற்றாமல் மூன்று மாதம் இருப்பதும் தவறு. இரண்டாவதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். முட்டி இறுகிப்போனால் அதை மீட்பது பெரும்பாடு. அன்றாட வேலைக்கு 3, 4 மாதமும், விளையாட்டுக்கு 4 முதல் 6 மாதமும் ஆகலாம். தரையில் சம்மணம் போடுவது, இந்தியக் கழிப்பறை, தொழுகையில் அமர்வது ஆகியவை கடைசியாகத்தான் திரும்பும். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் நாற்காலிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோல் நுனி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இந்த மாதங்களில் இன்னொரு முறை விழுவதுதான் பெரிய எதிரி.

உடையாமல் காக்க: வண்டியில்

பைக் ஓட்டுபவருக்கு முட்டி உடம்பின் முன்வரிசை. ஹெல்மெட் போடுபவர்கள்கூட முட்டிக் கவசம் (நீ கார்டு) போடுவதில்லை. நெடுந்தூரம் போகிறவர்கள், தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போது வெறும் துணிப்பட்டையாக இல்லாமல், இஎன் 1621-1 என்ற தர முத்திரை உள்ள, கெட்டியான ஓடு இருக்கிற கார்டைப் பாருங்கள். ஸ்கூட்டரில் முன்பக்கத்துக் கொக்கி, சாவி, பெட்டி விளிம்பு எல்லாம் முட்டிக்கு நேராக இருக்கின்றன. காய்கறிப் பையை அங்கே தொங்கவிட்டு முட்டியை அகட்டி வைத்து ஓட்டுவதும், குழந்தையை முன்னால் நிற்க வைப்பதும் வேண்டாம். திருப்பங்களில் பரவிய மணல், மழையில் நனைந்த வெள்ளைக்கோடு இவற்றின் மேல் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் வண்டி படுத்துவிடும். பின்னால் உட்காருபவரின் சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்துக்கு எட்டாமல் செருகப்பட்டிருக்கின்றனவா என்று கிளம்பும் முன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

காரில் சீட் பெல்ட் போட்டால் மட்டும் போதாது, இருக்கையைப் பின்னே தள்ளி முட்டிக்கும் டேஷ்போர்டுக்கும் இடைவெளி விட வேண்டும். டேஷ்போர்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போவது மிக ஆபத்தானது. ஏர்பேக் விரியும்போது முட்டி முகத்தை நோக்கி வரும்.

வீட்டில்

எண்ணெய்க் குளியல் அன்று குளியலறைத் தரையைக் கவனியுங்கள். நல்லெண்ணெய் வழிந்த உள்ளங்கால், சீயக்காய் கலந்த தண்ணீர், வழுவழு டைல்ஸ். வயதானவர்கள் எண்ணெயைக் குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, காலைத் துடைத்துவிட்டுச் செருப்பு போட்டு உள்ளே போகட்டும். கைப்பிடிக் கம்பி ஒன்றைச் சுவரில் பதிப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. டவல் கம்பியை நம்ப வேண்டாம், அது எடையைத் தாங்காது.

படிக்கட்டில் கடைசிப் படியின் விளிம்புக்கு மட்டும் வேறு நிறத்தில் பெயின்ட் அடியுங்கள். மேலும் கீழும் சுவிட்ச் இருக்கும்படி ஒயரிங் செய்யுங்கள். கைப்பிடி கடைசிப் படியையும் தாண்டி வர வேண்டும். பலர் வீட்டில் அது ஒரு படிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. இரு கையிலும் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு மாடி இறங்குவது, நீளமான நைட்டியையோ வேட்டியையோ மிதித்துக்கொண்டு ஏறுவது, இவை இரண்டும் வீடுகளில் நிறைய பேரை வீழ்த்துகின்றன. இரண்டு பார்வை உள்ள கண்ணாடியின் கீழ்ப்பகுதி கிட்டப் படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியே படியைப் பார்த்து இறங்கப் பழகுங்கள்.

தொடையும் எலும்பும்

கால் தடுக்கும்போது விழாமல் மீள்வதற்குத் தொடை பலம் வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். உட்காரும் பாதியை எழும் பாதியைவிட மெதுவாகச் செய்வதுதான் முக்கியம், படி தவறும்போது தசை செய்ய வேண்டிய வேலை அதுதான். பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அடுப்பில் பால் காயும் நேரத்தில் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். முட்டி வலி ஏற்கெனவே இருந்தால் உயரமான நாற்காலியில் ஆரம்பிக்கலாம். கபடி, வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்கு முட்டியில் மாட்டும் மெத்தை (நீ பேட்) வாங்கிக் கொடுங்கள், பயிற்சியிலும் போடச் சொல்லுங்கள்.

எலும்புக்குக் கேழ்வரகு நம் கையிலேயே இருக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம் அளவு. பால், தயிர், எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி சேர்ந்தால் கணக்கு எளிதில் நிறையும். மாதவிடாய் நின்ற பெண்களும், பல மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வீட்டுக்குள்ளும் பிடிமானமுள்ள செருப்பு போட வேண்டும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், தலைசுற்றலுக்குக் காரணமாகக்கூடியது எது, நேரத்தையோ அளவையோ மாற்றலாமா என்று கேளுங்கள்.